நெல்லைச் சொந்தங்கள் குரூப்: 104-ல எது யாரோடது?

பெரியப்பா (இரவு 8:14): ஏட்டி கவிதா, 2017-ல ஸ்ரீஹரிகோட்டாவுல ஒரே பிஎஸ்எல்வியில 104 செயற்கைக்கோள் விட்டாங்கல்லா, அந்த வீடியோ பாத்தேன். அதுல 88 ஒரே கம்பெனியோடது, ஒரே அச்சு. மேல போனப்புறம் எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

கவிதா (8:17): ஒவ்வொண்ணோட ரேடியோ சிக்னலை வச்சுதான் பெரியப்பா. ரேடாருக்கு எல்லாமே ஒரே மாதிரி புள்ளி. ரேடியோ செத்துட்டா அடையாளமே போச்சு. 2018 டிசம்பர்ல அமெரிக்காவுல ஒரே ஃபால்கன் 9 ராக்கெட்ல 64 செயற்கைக்கோள் போச்சு. மாசக்கணக்காகியும் சிலது யாரோடதுன்னு பிடிபடல.

முத்து மாமா (8:19): தெரியலேன்னா என்ன நட்டம்? அதுபாட்டுக்குச் சுத்தட்டும்.

கவிதா (8:23): அப்படி விடமுடியாது மாமா. எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான் ஆன்டெனாவைத் திருப்பிக் கட்டளை அனுப்ப முடியும். நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம் வேற. மோதப்போகுதுன்னு எச்சரிக்கை வந்தா யாருக்குப் போன் போடுறது?

கவிதா (8:27): அதுக்குத்தான் செயற்கைக்கோள்லயே ஒரு விளக்கு வைக்கிற யோசனை. கியூப்சாட்னு சொல்ற குட்டி செயற்கைக்கோள் 10 செ.மீ. பொட்டி, வெயில் பட்டாலும் மங்கலாத்தான் தெரியும். பூமி நிழலுக்குள்ள போயிட்டா சுத்தமாத் தெரியாது. சொந்தமா விளக்கு இருந்தா நடுராத்திரியிலயும் பிடிக்கலாம். 2012-ல ஜப்பான்ல ஃபுகுவோகா தொழில்நுட்பக் கல்லூரி விட்ட ஃபிட்சாட்-1 செயற்கைக்கோள், எல்இடியை மின்னவச்சு மோர்ஸ் தந்திக் குறியில தன் பேரையே எழுதிச்சு!

அத்தை (8:29): அம்புட்டு தூரத்துல இருந்து எழுத்து எப்படிம்மா தெரியும்?

கவிதா (8:34): டெலஸ்கோப்ல கேமராவைக் கொஞ்ச நேரம் திறந்து வைப்பாங்க அத்தை. படத்துல விளக்கு விட்டுவிட்டு ஒரு கோடா விழும். எவ்வளவு நீளம் எரிஞ்சது, எவ்வளவு இடைவெளி, அதுதான் அதோட பேர். பின்னால இருக்கிற நட்சத்திரங்களை வச்சு அந்த நொடியில எங்க இருந்துச்சுன்னு அளந்தா, பாதையும் கிடைச்சிரும். 2021-ல ரோம் சபியென்சா பல்கலைக்கழகத்தோட லெட்சாட் செயற்கைக்கோள் போனதே இதைச் சோதிக்கத்தான். வேற வேற பக்கத்துல சிவப்பு, பச்சை, நீலம்னு எல்இடி. எந்த நிறம் தெரியுதோ அதை வச்சு எப்படிச் சுழலுதுன்னும் சொல்லலாம்.

முத்து மாமா (8:36): ஆளாளுக்கு லைட்டு போட்டா வானத்தை ஆராய்ச்சி பண்றவங்க பாடு?

கவிதா (8:41): நியாயமான கவலை மாமா. எல்இடியை வேணுங்கிறப்போ மட்டும் எரிய விடலாம். அமெரிக்காவுல லாஸ் அலமாஸ் ஆய்வகத்துல செஞ்ச எல்ராய்ங்கிற அடையாள விளக்கு இன்னும் நல்ல யோசனை. தபால்தலை அளவு, தனக்குன்னு ஒரு குட்டி சோலார் செல், சின்ன லேசர். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஒளித்துகளை ஒவ்வொண்ணா எண்ணுற கருவியை டெலஸ்கோப்ல மாட்டினா அதோட நம்பரைப் படிச்சிரலாம். செயற்கைக்கோளே செத்துப்போனாலும் அது மின்னிக்கிட்டே இருக்கும். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி.

பெரியப்பா (8:43): அப்போ சட்டமாவே போட்டுரலாமேட்டி. நம்பர் பிளேட் இல்லேன்னா ராக்கெட்ல ஏத்தாதேன்னு.

கவிதா (8:46): என் எண்ணமும் அதேதான் பெரியப்பா. ரேடியோவும் பேட்டரியும் போனா காணாமப் போயிரும்னு தெரிஞ்சே விடுறது பொறுப்பில்லாத வேலை. எங்க காலேஜ்ல கியூப்சாட் டிசைன் இன்னும் முடியல. ஒரு பக்கத்துல எல்இடிக்காவது இடம் ஒதுக்கணும்னு திங்கக்கிழமை மீட்டிங்ல கேக்கப்போறேன்.

அத்தை (8:47): கேளு தாயி. பவர் பத்தாதும்பாங்க, அதுக்குக் கணக்கோட போ.