ஜிம் மாரிஸின் 15 இன்னிங்ஸ்: இவ்வளவு குறுகிய மேஜர் லீக் பதிவை எப்படிப் படிப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பேஸ்பால் புள்ளிவிவரங்களைப் படிக்கப் பழகி வருகிறேன். டாம்பா பே டெவில் ரேஸ் அணிக்காக 1999, 2000 ஆகிய இரு சீசன்களில் ஆடிய இடக்கை பிட்சர் (பந்தெறிபவர்) ஜிம் மாரிஸின் பதிவில் 21 ஆட்டங்கள், 15 இன்னிங்ஸ் (எதிரணியின் மூன்று அவுட்டுகள் சேர்ந்தால் ஓர் இன்னிங்ஸ்), 13 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்குகளில் பேட்டரை வெளியேற்றுவது), 4.80 ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் விட்டுக்கொடுக்கும் ரன்களின் சராசரி, ஃபீல்டிங் பிழையால் வந்தவை நீங்கலாக) என்று இருக்கிறது. ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் அணிக்கு ஒருவராக ஒரு பிட்சரின் பெயரில் எழுதப்படும், ஆனால் இவருக்கு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. இத்தனை ஆட்டங்களில் பந்தெறிந்தவர் பெயரில் ஒரு தோல்விகூட எழுதப்படாமல் போனது எப்படி? ஆட்டத்துக்கு ஓர் இன்னிங்ஸ்கூட முழுதாக அமையாததை, மேலாளர் அவரை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

முதல் பதில்

வணக்கம். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து. மாரிஸ் ரிலீவராக, அதாவது ஆட்டத்தின் நடுவே வேறொரு பிட்சருக்குப் பதிலாக வருபவராக, மட்டுமே களமிறங்கினார். இடக்கை பிட்சரின் பந்தை அடிப்பது இடக்கை பேட்டருக்குப் பொதுவாகக் கடினம் என்பதால், ஆட்டத்தின் பிற்பகுதியில் ஓரிரு பேட்டர்களுக்காக மட்டும் ஓர் இடக்கை ரிலீவரை இறக்கி, வேலை முடிந்ததும் மாற்றிவிடுவது அக்கால மேலாளர்களின் வழக்கம். களமிறங்கும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்காவது எறிய வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை (ஓர் அணி பேட் செய்யும் முறையை) முடிக்க வேண்டும் என்ற விதி 2020இல்தான் வந்தது.

தோல்வி குறித்த உங்கள் கேள்விக்கு அவருடைய கடைசி ஆட்டத்திலேயே விடை இருக்கிறது. 2000 மே 9 அன்று நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில், ஆட்டம் சமநிலையில் இருக்க, மூன்று பேஸ்களிலும் ஆட்டக்காரர்கள் நின்ற வேளையில் மாரிஸ் அழைக்கப்பட்டார். எதிரணி பேட்டர் பால் ஓநீலுக்கு அவர் வாக் கொடுத்தார், அதாவது நான்கு தவறான பந்துகளால் அவருக்கு முதல் பேஸை இலவசமாக விட்டுக்கொடுத்தார். வெற்றி ரன் நடந்தே வந்து சேர்ந்தது. ஆனால் அந்த ரன்னை எடுத்தவரை பேஸுக்கு வரவிட்ட முந்தைய பிட்சரின் கணக்கில்தான் தோல்வி சேரும். மாரிஸின் பதிவில் சுழியமே நின்றது.

இந்த எண்களுக்கு முன்பு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1983இல் மில்வாக்கி ப்ரூவர்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. கைக் காயங்களாலும் அறுவை சிகிச்சைகளாலும் அவர் மேஜர் லீக்குக்குக் கீழுள்ள மைனர் லீக்கின் ஏ நிலையைத் தாண்டவே இல்லை. பிறகு டெக்சஸ் மாநிலத்தின் பிக் லேக்கில், ரீகன் கவுண்டி உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். மாவட்டப் பட்டத்தை வென்றால் தானும் ஒரு தேர்வு முகாமுக்குப் போவதாக மாணவர்களுக்கு வாக்குக் கொடுத்தார். அவர்கள் வென்றார்கள், அவரும் போனார். அங்கே அவர் எறிந்த பந்துகள் மணிக்கு 98 மைல், அதாவது ஏறக்குறைய 158 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டன. 1999 செப்டம்பர் 18 அன்று ஆர்லிங்டனில், டெக்சஸ் ரேஞ்சர்ஸின் ராய்ஸ் கிளேட்டனை நான்கே பந்துகளில் ஸ்ட்ரைக் அவுட் செய்து தொடங்கியபோது அவருக்கு வயது 35. இளமையில் மேலே ஏற மறுத்த அதே கை, ஒரே கோடைக்குள் அதற்கு மேலுள்ள டபுள் ஏ, டிரிபிள் ஏ நிலைகள் இரண்டையும் கடந்தது என்பதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

இரண்டாம் பதில்

அவர் களமிறங்கிய மாதத்தையும் கவனியுங்கள். 25 பேர் கொண்ட அணிப் பட்டியலை செப்டம்பர் 1 முதல் 40 பேர் வரை விரித்துக்கொள்ள அப்போது விதி இடம்கொடுத்தது. 2019க்குப் பிறகு அது 28 பேராகக் குறைக்கப்பட்டுவிட்டது. குறுகிய மேஜர் லீக் வாழ்க்கைகள் பல அந்த மாதத்தில் திறந்த கதவின் வழியாக வந்தவைதான்.

1971 செப்டம்பர் 15 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி லாரி யவுண்ட் என்ற இளம் பிட்சரை அழைத்தது. பந்தெறியும் மேட்டில் ஏறிப் பயிற்சிப் பந்துகளை எறியும்போதே முழங்கையில் வலி எடுத்ததால் அவர் விலகினார். பெயர் அறிவிக்கப்பட்டுவிட்டதால் அது ஓர் ஆட்டமாகப் பதிவானது. அவர் மேஜர் லீக்குக்குத் திரும்பவே இல்லை. ஒரு பேட்டருக்குக்கூட எறியாமல் பதிவில் இடம்பெற்ற ஒரே பிட்சர் அவர். அவருடைய தம்பி ராபின் யவுண்ட் 3,142 ஹிட் அடித்து, 1999இல் சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் 4.80 என்ற ஈ.ஆர்.ஏ.வுக்குப் பொருளே இல்லையா?

மூன்றாம் பதில்

பொருள் உண்டு, ஆனால் அதன்மேல் அதிகப் பாரம் ஏற்றக் கூடாது. 15 இன்னிங்ஸில் அவர் கணக்கில் 8 ரன்கள். அதில் இரண்டு குறைந்திருந்தால் 3.60 என்று வந்திருக்கும், நாம் அவரை வேறு கண்ணோடு பார்த்திருப்போம். எனக்கு அதைவிடத் தெளிவாகத் தெரிவது அவர் கொடுத்த 9 வாக்குகள். வேகம் இருந்தது, கட்டுப்பாடு போதவில்லை.

சின்னக் கணக்கு எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு ஜோ நக்ஸ்ஹாலைப் பாருங்கள். 1944 ஜூன் 10 அன்று, 15 வயதில், சின்சினாட்டி ரெட்ஸுக்காக இறங்கி, இன்னிங்ஸில் மூன்றில் இரண்டு பங்குக்குள் 5 ரன்களைக் கொடுத்தார், ஈ.ஆர்.ஏ. 67.50. அத்துடன் நின்றிருந்தால் அந்த ஓர் எண்ணால் மட்டுமே அறியப்பட்டிருப்பார். 1952இல் மீண்டும் வந்து, மொத்தம் 135 ஆட்டங்களை வென்றார்.