மண்டப இருளும் முற்றத்து வெயிலும்: பிராக்கெட்டிங்கில் எத்தனை ஸ்டாப் இடைவெளி வைப்பது?

கேள்வி (சத்துவாச்சாரி வாசகர்)

வணக்கம். வேலூர்க் கோட்டைக்குள் உள்ள ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில், குதிரைவீரர்களும் யாளிகளும் செதுக்கப்பட்ட தூண்களை, அவற்றுக்கு அப்பால் தெரியும் வெயில் படர்ந்த முற்றத்தோடு ஒரே படத்தில் காட்ட விரும்புகிறேன். தானியங்கி பிராக்கெட்டிங்கில் (ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் அடுத்தடுத்து எடுப்பது) ஒரு ஸ்டாப் (வெளிச்ச அளவின் ஒரு படி) இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்து இணைத்தாலும் முற்றம் வெளுத்தே இருக்கிறது. நிழற்பகுதியில் புள்ளிப்புள்ளியாக இரைச்சலும் தெரிகிறது. அப்பர்ச்சர் முன்னுரிமையும் (லென்ஸ் துளையின் அளவை நான் வைக்க, ஷட்டர் நேரத்தைக் கேமரா தீர்மானிக்கும் முறை) தானியங்கி ஐஎஸ்ஓவும் (ஒளி உணர்திறனைக் கேமராவே மாற்றுவது) வைத்திருக்கிறேன். இடைவெளியைக் கூட்டுவதா, படங்களைக் கூட்டுவதா?

மறுமொழி 1 (காட்பாடி)

இரண்டையும் முடிவுசெய்யும் முன், அந்த இடத்தின் ஒளி வேறுபாட்டை அளந்துகொள்ளுங்கள். ஸ்பாட் அளவீட்டில் (காட்சியின் ஒரு சிறு புள்ளியின் ஒளியை மட்டும் அளப்பது) ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 8 என்று நிறுத்திக்கொண்டு, முதலில் முற்றத்துத் தரையையும் பிறகு தூணின் இருண்ட பக்கத்தையும் அளக்க வேண்டும். முற்றத்துக்கு 1/500 வினாடியும் தூணுக்கு 1/8 வினாடியும் வந்தால், நடுவில் ஆறு ஸ்டாப் இருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியை இருமடங்காக்குவதாலோ பாதியாக்குவதாலோ, அந்த ஆறு ஸ்டாப்பில் முற்றத்தின் ஒளி தூணைப்போல் ஏறத்தாழ 64 மடங்காகிறது. நீங்கள் எடுத்த மூன்று படங்களும் தமக்குள் இரண்டு ஸ்டாப்பை மட்டுமே தழுவுவதால், அவற்றில் எதுவும் முற்றத்தை எட்டவில்லை.

இந்த அளவுக்கு 1/60 வினாடியை நடுவில் வைத்து மூன்று ஸ்டாப் இடைவெளி கொடுத்தால் மூன்று படங்களே போதும். உங்கள் கேமரா இரண்டு ஸ்டாப்புக்கு மேல் அனுமதிக்காவிட்டால், 1/125 வினாடியை நடுவாக வைத்து 1/500, 1/125, 1/30 என மூன்று எடுத்து, பிறகு 1/8 வினாடியில் நான்காவதைத் தனியாக எடுங்கள். கல்லின் நுணுக்கம் கெடாமலிருக்க நான் இந்த இரண்டாம் வழியையே விரும்புவேன்.

தானியங்கி ஐஎஸ்ஓவை அவசியம் நிறுத்திவிடுங்கள்; ஷட்டர் நேரத்துக்குப் பதிலாக ஐஎஸ்ஓ உயர்ந்துவிட்டால் நிழலில் இரைச்சல் கூடும். வெள்ளைச் சமநிலையையும் குவியத்தையும் கையால் நிறுத்திவைப்பது நல்லது.

மறுமொழி 2 (ராணிப்பேட்டை)

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் முக்காலி வைக்க முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். கோயிலுக்குள் எங்கெங்கே படமெடுக்கலாம் என்பதையும் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். முக்காலி இல்லையென்றால், தரையில் பையை வைத்து அதன்மேல் கேமராவைச் சமமாக அமர்த்தி, இரண்டு வினாடி டைமரைப் பயன்படுத்துங்கள். பல கேமராக்கள் அப்போது எல்லாப் படங்களையும் ஒரே அழுத்தலில் எடுத்துவிடும். பக்தர்கள் நடமாடும் இடமாகையால், இணைத்த படத்தில் ஒருவரே பேயுருவம்போல் பலமுறை தெரியக்கூடும். ஆளில்லாத இடைவேளைக்குக் காத்திருப்பதே எந்த மென்பொருளையும்விடச் சிறந்தது.

மறுமொழி 3 (ஆரணி)

இணைக்கும்போது எச்டிஆர் டோன் மேப்பிங்கை (இணைத்த படத்தின் பெரிய ஒளி வேறுபாட்டைத் திரைக்கு ஏற்பச் சுருக்குவது) அளவுக்கு மீறிக் கூட்டினால், தூண்களின் ஓரத்தில் வெளிர்வட்டம் தோன்றி, கருங்கல் பிளாஸ்டிக்போல் ஆகிவிடுகிறது. இலவசமாகக் கிடைக்கும் ஹூகின் என்ற பட இணைப்பு மென்பொருள் தொகுப்பிலுள்ள என்ஃபியூஸ் கருவி ஒவ்வொரு படத்திலிருந்தும் சரியான வெளிச்சம் உள்ள பகுதிகளைக் கலப்பதால், கல்லின் நிறம் இயல்பாகவே நிற்கிறது. ரா கோப்புகளை (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்புகள்) ஒரே அமைப்பில் மாற்றிய பிறகு அதில் கொடுத்துப் பாருங்கள். மண்டபத்தின் உட்புறம் முற்றத்தைவிடச் சற்று இருட்டாகவே இருக்கட்டும்.