1956ல ஃபாஞ்சியோ ஓட்டினது ஃபெராரியா லான்சியாவா? (சண்டைய இங்கயே போட்டுக்கங்க)

பழைய_கிளட்ச்:
நேத்து வேற திரியில சிவப்புக்குதிரை தம்பி எழுதினத பாத்து ராத்திரி தூக்கமே போச்சு. "ஃபாஞ்சியோவோட நாலாவது பட்டம் ஃபெராரி செஞ்ச வண்டியில வந்தது"ன்னு கூசாம எழுதியிருக்காரு (அர்ஜென்டினா டிரைவர் ஃபாஞ்சியோ 1956ல வாங்கின ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்த சொல்றாரு). செஞ்ச வண்டியா? அந்த வண்டி டி50, அத வரைஞ்சது விட்டோரியோ யானோ, கட்டினது டூரின்ல லான்சியா. 1954 அக்டோபர்ல பார்சிலோனா பெட்ரால்பஸ்ல மொத ரேஸ், லான்சியா டிரைவர் அஸ்காரி மொத இடத்துல கிளம்பி முன்னாடி ஓடிக்கிட்டு இருந்தப்போ கிளட்ச் போச்சு (என் பேருக்குக் காரணம் அதான், கேக்காதீங்க). அடுத்த வருஷம் லான்சியா கையில காசு இல்ல, ஜூலைல வண்டி, சாமான், யானோ எல்லாத்தையும் அப்படியே ஃபெராரிகிட்ட குடுத்துட்டாங்க. ஓசியில. அதுபோக ஃபியட் வேற அஞ்சு வருஷத்துக்கு வருஷம் 5 கோடி லிரா தரேன்னுச்சு. ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு சும்மாவா சொன்னாங்க.

சிவப்புக்குதிரை:
அண்ணே தூக்கம் வரலன்னா சூடா பால் குடிங்க. லான்சியா கையில இருந்தப்போ சாம்பியன்ஷிப் ரேஸ் எத்தன ஜெயிச்சுது? சைபர். ஃபெராரிகிட்ட வந்து 1956ல 5. என்ன மாறுச்சு? சைடு டேங்க். ரெண்டு பக்கமும் சூட்கேஸ் மாதிரி தொங்கிக்கிட்டு இருந்த பெட்ரோல் டேங்க உடம்போட சேத்து மூடி, பெட்ரோல்ல பெரும்பங்க வாலுக்கு கொண்டு போனாங்க. எஞ்சினே சேசிஸ (வண்டியோட எலும்புக்கூட) தாங்கற மாதிரி யானோ வெச்சிருந்ததையும் மாத்தினாங்க. அது வேற வண்டி. முடிஞ்சுது.

பழைய_கிளட்ச்:
சூட்கேஸா!! தம்பி அந்த டேங்க் ஏன் அங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? அந்த காலத்து ரேஸ் வண்டி பெரும்பாலானதுல பெட்ரோல் டேங்க் பின்னாடி வால்ல இருக்கும், ரேஸ் ஆரம்பிக்கறப்போ ஃபுல் டேங்க், பின்பக்கம் கனம், போகப் போக காலியாகி வண்டியோட குணமே மாறிப்போகும். யானோ அந்த கனத்த தூக்கி முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல வெச்சாரு, காலியானாலும் பேலன்ஸ் மாறாது, வீல்களுக்கு நடுவுல காத்து சுழலறதும் கொறையும், அதோட எஞ்சின கோணலா வெச்சு பின் வீலுக்குப் போற ஷாஃப்ட்ட டிரைவருக்கு பக்கவாட்டுல ஓட விட்டு சீட்ட கீழ எறக்கினாரு. எங்கிட்ட ரெண்டு மாடல் இருக்கு, 1/43 சைஸ், ஒண்ணு 55 லான்சியா ஒண்ணு 56 வண்டி. லான்சியாவுல உடம்புக்கும் டேங்குக்கும் நடுவுல ஒரு தீக்குச்சிய சொருகலாம், மறுபக்கம் வெளிச்சம் தெரியும். 56ல அந்த சந்த தகரம் வெச்சு அடைச்சிருக்காங்க. ஒரு சந்த அடைச்சதுக்கு வண்டியே உங்களுதா?

மூணாவது_கியர்:
அந்த பேலன்ஸ் கதை பேப்பர்ல நல்லா இருக்கும். கனம் எல்லாம் நடுவுல குவிஞ்சதால வண்டி வழுக்க ஆரம்பிச்சா சொல்லாம கொள்ளாம சுத்திரும், ஓட்டறவனுக்கு நேரமே கிடைக்காது. 55 அர்ஜென்டினாவுல முன்னாடி போய்க்கிட்டு இருந்த அஸ்காரியே கன்ட்ரோல விட்டுட்டாரு. மொனாக்கோல கடலுக்குள்ளயே போயிட்டாரு. டேங்க மாத்தினது சரிதான்.

பழைய_கிளட்ச்:
வந்துட்டாரய்யா. போன மாசம் இதே ஆளு மொனாக்கோ திரியில "அஸ்காரி கடல்ல விழுந்து செத்தாரு"ன்னு எழுதினவரு. விழுந்தவரு நீந்தி கரை ஏறினாரு, நாலு நாள் கழிச்சு மே 26ந்தேதி மோன்சாவுல ஃபெராரி ஸ்போர்ட்ஸ் கார ஓட்டிப் பாக்கறப்போதான் போனாரு. அதுக்கு இன்னும் ஒரு மன்னிப்பு கூட வரல.

மூணாவது_கியர்:
அது டைப்பிங் மிஸ்டேக். எத்தன மாசம் தூக்கிக்கிட்டு திரிவீங்க?

சும்மா_பாக்க_வந்தேன்:
ஒரு சந்தேகம். தயாரிப்பாளர் பட்டமே 1958லதான ஆரம்பிச்சுது? 56ல டிரைவருக்கு மட்டும்தான் பட்டம். அப்போ "யாரோட வண்டி"ன்னா டிசைன் பண்ணவரா, கட்டினவரா, ரேஸுக்கு கொண்டு வந்தவரா? அத மொதல்ல முடிவு பண்ணிட்டு பேசலாமே.

சிவப்புக்குதிரை:
ஆர்.சி. புக்குல யாரு பேரோ அவங்க வண்டி. பழைய ஓனர் வந்து "நான் வாங்கின டயரு"ன்னு அழ முடியுமா? சைடு டேங்க மாத்தினவன் ஜெயிச்சான்.

பழைய_கிளட்ச்:
சரி டேங்குக்கே வரேன். 1957ல அந்த சைடு கவரையும் சுத்தமா கழட்டி எறிஞ்சுட்டு 801னு பேரு வெச்சு எறக்கினாங்க. அந்த வருஷம் ஃபெராரி எத்தன சாம்பியன்ஷிப் ரேஸ் ஜெயிச்சுது? சைபர். உங்க சைபர் மாதிரியே ஒரு சைபர். யானோ வெச்சத எடுக்க எடுக்க வண்டி படுத்துருச்சு. லான்சியா சாம்பியன்ஷிப்ல எறங்கினதே நாலே நாலு ரேஸ், அதுலயும் பெல்ஜியத்துல கம்பெனி மூடற நெலமையில ஒத்த வண்டிய வெச்சு இன்னொரு லான்சியா டிரைவர் காஸ்டெலோட்டி மொத இடத்துல கிளம்பினான். மொனாக்கோல ரெண்டாவது வந்தான். சாம்பியன்ஷிப்புல சேராத டூரின் ரேஸும் நேப்பிள்ஸ் ரேஸும் அஸ்காரி ஜெயிச்சது கணக்குலயே இல்லயா?

சிவப்புக்குதிரை:
57ல ஃபான்ஜியோ எதிர் டீம் மசெராட்டிக்கு போயிட்டாரு, அதான் சைபர். (அது ஃபாஞ்சியோ இல்ல, ஃபான்ஜியோ.)

பழைய_கிளட்ச்:
ஆங், அப்போ ஜெயிச்சது டிரைவரா? இப்பதான டேங்க்னீங்க? 56ல பெல்ஜியமும் பிரான்ஸும் ஃபெராரியோட இன்னொரு டிரைவர் காலின்ஸ் ஜெயிச்சது எந்த ஃபாஞ்சியோவ வெச்சு? (நான் அப்படித்தான் எழுதுவேன்.)

மூணாவது_கியர்:
காலின்ஸ்னதும் ஞாபகம் வருது. இத்தாலி ரேஸ், மோன்சா 56ல ஃபான்ஜியோ வண்டி நின்னுபோக, தனக்கும் பட்டம் வர வாய்ப்பு இருக்கறப்போ எறங்கி வண்டிய ஃபான்ஜியோகிட்ட குடுத்தான் பாருங்க, 24 வயசுப் பையன். அதே டீம் முஸ்ஸோ குடுக்கல. முஸ்ஸோ எல்லாம் ஒரு மனுசனா.

பூனைக்கண்:
முஸ்ஸோ இத்தாலிக்காரன், சொந்த நாட்டு ரேஸ், அவன் ஏன் குடுக்கணும்? நீங்க உங்க சீட்ட பஸ்லயே எந்திரிச்சு குடுக்க மாட்டீங்க. அதே வருஷம் அர்ஜென்டினாவுல ஃபான்ஜியோவுக்கு வண்டிய குடுத்தவனே அவன்தான், அந்த வெற்றி ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு.

மூணாவது_கியர்:
அப்ப மசெராட்டி ஓட்டின மோஸ் பத்தியும் பேசுவோம், அதே மோன்சாவுல பெட்ரோல் தீர்ந்து நின்னவர இன்னொரு மசெராட்டிக்காரர் பியோட்டி பின்னாலருந்து முட்டித் தள்ளி பிட்டுக்கு (பெட்ரோல் போடற எடத்துக்கு) கொண்டு வந்தாரே, அப்புறம் அவரு ஜெயிச்சாரே, அது மட்டும் நியாயமா?

சும்மா_பாக்க_வந்தேன்:
நான் கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லல.

பழைய_கிளட்ச்:
முஸ்ஸோவ தனித் திரியில வெச்சுக்கங்க. இங்க பேச்சு டேங்க். சிவப்புக்குதிரை தம்பி, சந்த தகரம் வெச்சு அடைச்சா வண்டி ஃபெராரி ஆயிருமா ஆகாதா? அந்த காலத்து பேப்பர்லயே லான்சியா-ஃபெராரின்னுதான் போட்டான், லான்சியா முன்னாடி இருக்கு பாருங்க.

சிவப்புக்குதிரை:
கல்யாணப் பத்திரிகையில கூடத்தான் தாத்தா பேரு முன்னாடி இருக்கும், மாப்பிள்ளை தாத்தாவா? சைடு டேங்க் இல்லாம போனதும் 5 ரேஸ். அஞ்சு.

பழைய_கிளட்ச்:
இல்லாம போகல, மூடினாங்க. நாளைக்கு ரெண்டு மாடலையும் பக்கத்துல வெச்சு தீக்குச்சியோட போட்டோ போடறேன், இருங்க.