லீ சாட்லியர் தத்துவத்தைப் பாடத்திலிருந்து எடுத்துவிடலாமா?

வினைகுணகம்:
பதினொன்றாம் வகுப்பில் லீ சாட்லியர் தத்துவத்தை நிறுத்திவிடலாம் என்பது என் கட்சி. சமநிலையில் உள்ள அமைப்பில் ஒரு மாற்றம் செய்தால், அதன் விளைவைக் குறைக்கும் பக்கம் அமைப்பு நகரும் என்று மனப்பாடம் செய்கிறோம். எப்போதும் அப்படி நடப்பதில்லை. அம்மோனியா தயாரிப்பையே எடுங்கள்: ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) நைட்ரஜனும் மூன்று மோல் ஹைட்ரஜனும் சேர்ந்தால் இரண்டு மோல் அம்மோனியா. அழுத்தமும் வெப்பநிலையும் மாறாத ஒரு கலனில் நைட்ரஜன் 3 மோல், ஹைட்ரஜன் 1, அம்மோனியா 1 என்று சமநிலையில் இருக்கட்டும். இன்னும் ஒரு மோல் நைட்ரஜன் சேர்த்தால் அம்மோனியா குறையும்!

கரும்பலகை:
வினைபடுபொருளைக் கூட்டினால் முன்னோக்கு வினை, அதாவது விளைபொருள் கூடும் என்றுதான் இத்தனை வருடமாகச் சொல்லித் தருகிறேன். கணக்கைப் போடுங்கள் நண்பரே, பார்க்கலாம்.

வினைகுணகம்:
சரி. அழுத்தம் மாறக் கூடாது என்பதால் கலன் விரிகிறது. ஹைட்ரஜன், அம்மோனியா இரண்டின் பகுதி அழுத்தமும் (மொத்த அழுத்தத்தில் அந்தந்த வாயுவின் பங்கு) இறங்குகிறது. வினை குணகம் என்பது விளைபொருளுக்கும் வினைபடுபொருளுக்கும் உள்ள விகிதம்; சமநிலை மதிப்பைத் தாண்டினால் வினை பின்னோக்கிப் போகும். அதை மோல்களில் எழுதினால், மேலே அம்மோனியாவின் இருமடியும் மொத்த மோல்களின் இருமடியும். கீழே நைட்ரஜனும் ஹைட்ரஜனின் மும்மடியும். மொத்த அழுத்தம் மாறாததால் அதை விட்டுவிடலாம். முதலில் 25/3, அதாவது 8.33. சேர்த்த பிறகு 36/4, அதாவது 9. சமநிலை மதிப்பு 8.33-இலேயே நிற்கிறது, குணகம் அதைத் தாண்டிவிட்டது. அதனால் அம்மோனியா சிதையும். கலவையில் பாதிக்கு மேல் நைட்ரஜன் இருந்தால் இதே கதைதான்.

உரஆலை:
கணக்கு சரி. ஆனால் அம்மோனியா பிளாண்டில் ஷிஃப்ட் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஹைட்ரஜனும் நைட்ரஜனும் ஏறக்குறைய 3:1-இல்தான் உள்ளே போகும். பாதிக்கு மேல் நைட்ரஜன் வைத்து யாரும் ஓட்டுவதில்லை. நாங்கள் வேலை செய்யும் எல்லைக்குள் லீ சாட்லியர் பொய்த்ததில்லை. அம்மோனியாவைக் குளிரவைத்து திரவமாக எடுத்துவிட்டு மிச்ச வாயுவைத் திரும்ப அனுப்புகிறோமே, அதுவே அவர் சொன்ன வழிதான்.

கரும்பலகை:
அதோடு வெப்பநிலையைப் பாருங்கள். இரண்டு மோல் அம்மோனியா உருவாகும்போது சுமார் 92 கிலோஜூல் வெளியே வருகிறது. சூடு ஏற்றினால் அம்மோனியா குறையும் என்பது பிள்ளைக்கு ஒரே வரியில் புரிகிறது. இயற்பியல் சமநிலைக்கும் அதே வரி போதும். நீரைவிடப் பனிக்கட்டிக்குக் கன அளவு அதிகம், அதனால் அழுத்தினால் உருகும். ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு உருகுநிலை சுமார் 0.0075 டிகிரி இறங்குகிறது.

வினைகுணகம்:
அந்த 0.0075 உங்கள் தத்துவத்திலிருந்தா வந்தது சார்? அது திசையை மட்டும்தான் சொல்லும். அளவைப் பார்க்காததால்தான் பனிச்சறுக்கு பிளேடின் அழுத்தத்தில் பனி உருகி வழுக்குகிறது என்ற விளக்கம் இவ்வளவு காலம் ஓடியது. சில நூறு வளிமண்டலம் அழுத்தினாலும் இரண்டு மூன்று டிகிரிதான் இறங்கும். மைனஸ் 15 டிகிரியிலும் மனிதர்கள் சறுக்குகிறார்களே!

உரஆலை:
அளவைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமநிலையை மட்டும் பார்த்தால் அறை வெப்பநிலைதான் சிறந்தது, ஆனால் அங்கே வினை நடப்பதே தெரியாது. இரும்பு வினையூக்கி இருந்தும் 400, 450 டிகிரி வேண்டியிருக்கிறது. வினையூக்கி சமநிலையை நகர்த்தாது, சீக்கிரம் அடைய வைக்கும், அவ்வளவுதான். எனக்குப் பாடநூலில் உறுத்துவது வேறு: மந்த வாயு (வினையில் கலந்துகொள்ளாத வாயு) சேர்த்தால் சமநிலை மாறாது என்ற வரி. எங்கள் லூப்பில், அதாவது மிச்ச வாயு சுற்றி வரும் பாதையில், ஆர்கானும் மீத்தேனும் சேரச் சேர அம்மோனியா குறையும். அதற்காகவே கொஞ்சம் வாயுவை விடாமல் பர்ஜ் செய்கிறோம், அதாவது வெளியேற்றுகிறோம். நல்ல ஹைட்ரஜனும் அதோடு போகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

கரும்பலகை:
கன அளவு மாறாதபோது என்று அந்த வரியிலேயே இருக்கிறதே ஐயா.

வினைகுணகம்:
இருக்கிறது, தேர்வில் யாரும் கேட்பதில்லை. அதே 3, 1, 1 கலவையில் அழுத்தத்தை மாற்றாமல் ஒரு மோல் ஆர்கான் சேர்த்துப் பாருங்கள்: 36/3, அதாவது 12. நைட்ரஜன் சேர்த்ததைவிட மோசம். பர்ஜ் ஏன் என்பது இந்த ஒரு கணக்கில் வந்துவிடுகிறது.

கரும்பலகை:
இந்த ஆர்கான் கணக்கை வகுப்பில் கொடுக்கிறேன், நைட்ரஜன் கணக்கையும். தத்துவத்தை மட்டும் எடுக்க மாட்டேன். என் வகுப்பில் பாதிப் பேருக்கு மும்மடி போடவே தயக்கம். அவர்களுக்கு வெப்பநிலை விளைவைச் சொல்ல இதைவிடச் சுருக்கமான வழி உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.