1/35 பாந்தர்: வொஷ் திட்டுப் பிடிக்குது, மற் வார்ணிஷ் வெளிறுது

பனங்கூடல்:
1/35 அளவுப் பிளாஸ்ரிக் மொடல்: ஜெர்மன் தாங்கி பாந்தர் டி, ரஷ்யாவில 1943 ஆடி மாதக் குர்ஸ்க் களம். பிறைமருக்கு (அடிப்பூச்சு) மேலே தமியா எக்ஸ்எஃப்-60 (கடும் மஞ்சள் அக்ரிலிக்) எயார்பிறஸ்ஸால் அடிச்சு இரண்டு நாள் காய விட்டாச்சு. ஓயில் பெயின்றை வைற் ஸ்பிரிற்றில் கரைச்சு வொஷ் (இடுக்கை இருட்டாக்கிற நீர்த்த நிறம்) விட்டால், இடுக்குக்குள்ள ஓடாமல் சுத்திவரத் திட்டாய்ப் பிடிக்குது. வேறொரு துண்டில் ஸ்பிறே கான் மற் (பளபளப்பில்லாத) வார்ணிஷ் அடிக்க வெள்ளையாய்ப் பூத்திட்டுது. திட்டை ஹார்ட்வெயார் தின்னரால துடைக்கலாமோ? கடைசியில செம்பாட்டு மண்ணைத் தூசியாய்ப் பூசலாமோ?

கடலோரம்:
தின்னர் வேண்டாம். பெயின்ற்றுக்கு அடிக்கிற என்சி தின்னர் பிளாஸ்ரிக்கையே கரைச்சுப்போடும். வைற் ஸ்பிரிற் சாடையாய்த் தொட்ட பிறஸ்ஸால மேலயிருந்து கீழ இழுங்கோ, திட்டு கழரும். அக்ரிலிக்குக்கு அதால பாதிப்பில்லை. மிச்சம் மங்கலாய் நிண்டால் விடுங்கோ, தூசிக்குள்ள போயிடும்.

எக்ஸ்எஃப் எல்லாம் மற். அந்தக் கரடு, ஒற்றுத்தாள் மாதிரி வொஷ்ஷை உறிஞ்சும். அதனால தமியா எக்ஸ்-22 கிளியரை (பளபளப்பு வார்ணிஷ்) எக்ஸ்-20ஏ-யோட (தமியா அக்ரிலிக் தின்னர்) 1:1 கலந்து, 15–20 பிஎஸ்ஐ காத்தழுத்தத்தில மெல்லிசாய் இரண்டு கோட் அடியுங்கோ. இரண்டு நாள் தொடாதேங்கோ. பிறகு றோ அம்பர் (கடும் மண்ணிற) ஓயில் பெயின்றை ஒரு மட்டைத் துண்டில அரை மணித்தியாலம் வைச்சால் ஆளி எண்ணெய் மட்டைக்கு இறங்கும். அதை வைற் ஸ்பிரிற்றில ஒண்டுக்குப் பத்தாய்க் கரைச்சு, கூர்ப் பிறஸ்ஸின்ர நுனியை இடுக்கில தொட்டால் தானாய் ஓடும். சில்லு அச்சுகளில தேங்க விடாதேங்கோ. இறுக்கிப் பூட்டின பிளாஸ்ரிக் அதில வெடிக்கும், வெடிச்சால் திருத்தேலாது.

வல்லைவெளி:
வெள்ளைப் பூப்பு ஈரப்பதத்தால வாறது. கரைப்பான் வேகமாய் ஆவியாகேக்க மேற்பரப்பு குளிர்ந்து காத்தில இருக்கிற நீர் படியுது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குள்ள கானைத் தொடாதேங்கோ. வெயில் எறிச்ச நாளில, மத்தியானம் தாண்டி அடியுங்கோ. கானை இளஞ்சூட்டுத் தண்ணிக்குள்ள அஞ்சு நிமிசம் வைச்சு (கொதிதண்ணி கூடாது), இரண்டு நிமிசம் நல்லாய்க் குலுக்குங்கோ. மற்றாக்கிற தூள் அடியில தங்கினாலும் வெளிறும். பூத்த துண்டுக்கு மெல்லிசாய் ஒரு பளபளப்புக் கோட் குடுத்தால் பெரும்பாலும் தெளியும்.

கடலோரம்:
மண்ணைப் பற்றி: செம்பாடு குர்ஸ்க்குக்குப் பொருந்தாது. அங்க கரிசல், காய்ஞ்சால் தூசி சாம்பல் கலந்த மண்ணிறம். அதோட 1/35-இல ஒரு மில்லிமீற்றர் மணி 35 மில்லிமீற்றர் கல்லுக்குச் சமன், எவ்வளவு அரிச்சாலும் பருமனாய்த்தான் தெரியும். மென் பாஸ்ரல் குச்சியை மண்ணிறமும் சாம்பலுமாய் உரசித் தூளாக்கி, சங்கிலிக்கும் சில்லுக்கும் கிட்ட கூடவும் மேல குறையவும் தட்டுங்கோ. ஒரு துளி வைற் ஸ்பிரிற் தொட்டால் பிடிக்கும்.

துருவை அள்ளிப் பூசுறதுதான் கனபேர் விடுற பிழை. பாந்தர் உற்பத்தி தொடங்கினதே 1943 தையில. ஆடியில களத்துக்கு வந்த வண்டியில துரு வழிய நேரமில்லை. புகைக்குழாய்க்கு மட்டும் போதும். பெயின்ற் கீறுப்பட்ட மாதிரிக் காட்ட ஸ்பொஞ்சில கடும் மண்ணிறம் தொட்டு, முக்கால்வாசியைக் கடதாசியில ஒற்றி எடுத்திட்டு, மூடி விளிம்பிலயும் ஆக்கள் கால் வைக்கிற இடத்திலயும் தட்டுங்கோ.

பனங்கூடல்:
மற் வார்ணிஷ் தூளுக்கு முன்னமோ, பிறகோ?

வல்லைவெளி:
முன்னம். தூளுக்கு மேல அடிச்சால் அதின்ர நிறம் அரைவாசி காணாமல் போயிடும். சங்கிலியைத் தூள் முடிஞ்ச பிறகு பூட்டுங்கோ.