ஃபேன் நின்றுவிட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தேன்: நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் அனுபவங்கள்

ராத்திரி ஷிப்ட்:
வாங்கி மூன்று மாதமாகிறது. காது முழுவதையும் மூடுகிற பெரிய ரகம். முதல்நாள் மேஜையில் உட்கார்ந்து பட்டனை அழுத்தியதும், கரண்ட் போய்விட்டதோ என்று டேபிள் ஃபேனை நிமிர்ந்து பார்த்தேன். சுற்றிக்கொண்டுதான் இருந்தது, காற்றும் முகத்தில் பட்டது. அந்த 'ஊம்' மட்டும் காணோம். இத்தனை வருடம் அந்த ஊம் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்பதே, அது போன பிறகுதான் தெரிந்தது.

ஐந்து நிமிடம்தான் அந்த சந்தோஷம். பக்கத்து அறையில் யாரோ போனில் பேசிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. முன்பு ஃபேன் சத்தம் அந்தப் பேச்சுக்குத் திரை போட்டிருந்தது. திரையை விலக்கிவிட்டு, 'ஏன் எல்லாம் தெரிகிறது' என்று கேட்டால் என்ன செய்வது! அதோடு எங்கிருந்தோ ஒரு 'டிக்... டிக்' வேறு. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிவைத்தும் நிற்கவில்லை.

காரணத்தைத் தேடிப் படித்தேன். வெளியே உள்ள மைக் சத்தத்தைப் பிடிக்கிறது. அதற்கு நேர் எதிரான அலையை ஹெட்போன் உருவாக்குகிறது. இரண்டும் காதுக்குள் ஒன்றையொன்று அழிக்கின்றன. 100 ஹெர்ட்ஸ் உறுமலின் அலைநீளம் சுமார் மூன்றரை மீட்டர், ஆகவே கொஞ்சம் முன்பின் ஆனாலும் பொருந்திவிடும். 5000 ஹெர்ட்ஸ் கீச்சுக்கு அது ஏழு சென்டிமீட்டர்தான், துளி பிசகினாலும் கணக்கு தப்பிவிடும். அதனால் ஃபேன், ஏசி, என்ஜின் மாதிரி ஒரே சீராக உறுமுகிற சத்தத்தில்தான் இது கெட்டிக்காரத்தனம் காட்டும். பேச்சில் அடிக்குரல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மேல்ஸ்தாயிச் சத்தங்களைக் காதைச் சுற்றி உட்காரும் ஹெட்போன் மெத்தைதான் தடுக்க வேண்டும். விளம்பரத்தில் இதைச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு ஆசைப்பட்டிருக்க மாட்டேன்.

ஜன்னலோர சீட்:
நண்பரே, நீங்கள் அதைத் தப்பான இடத்தில் சோதித்துவிட்டீர்கள். விமானத்தில் போட்டுப் பாருங்கள். உள்ளே சுமார் 80 டெசிபல் உறுமல் விடாமல் ஓடும். சாதாரண ஹெட்போனில் அதைத் தாண்டிப் பாட்டுக் கேட்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போவேன், இறங்கும்போது காது 'ங்ங்ங்' என்று இருக்கும். இப்போது பாதி வால்யூமே போதும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு சொல்கிறது. சத்தம் கூடக்கூட அந்த நேரம் மளமளவென்று குறையும். என்னைக் கேட்டால் இந்தக் கருவியின் உண்மையான லாபமே இதுதான். அமைதியெல்லாம் அப்புறம்.

இந்தச் சங்கதி பிறந்ததிலும் விமானத்துக்குப் பங்கு உண்டு. எதிர் அலையால் சத்தத்தை அடக்கும் யோசனைக்கு பால் லூக் என்பவர் 1936லேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1978ல் சூரிக்கிலிருந்து திரும்பும் விமானத்தில், கொடுத்த ஹெட்போனில் பாட்டு சரியாகக் கேட்காமல் கடுப்பான அமர் போஸ் ('போஸ்' ஆடியோ நிறுவனத்தைத் தொடங்கியவர்), பயணத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1989ல்.

குழந்தை அழுதால் மட்டும் எந்த ஹெட்போனும் கைகொடுக்காது. கொஞ்சம் அமுங்கும், நிற்காது.

மூக்குக்கண்ணாடி:
கண்ணாடி போடுகிறவர்கள் வாங்கும்முன் போட்டுப் பார்த்துவிடுங்கள். கண்ணாடியின் காம்பு மெத்தையை ஒரு நூலளவு தூக்கிவிடும். அந்த இடுக்கில் உறுமல் உள்ளே வரும். நான் மெல்லிய காம்புள்ள கண்ணாடிக்கு மாறிய பிறகுதான் கொடுத்த காசுக்கு அர்த்தம் வந்தது.

காற்றடிக்கும் இடத்தில் நடக்கும்போது அணைத்துவிடுவேன். காற்று மைக்கின்மேல் மோதி 'படபட' என்று கேட்கும், அதற்குச் சும்மா இருப்பதே மேல். அப்புறம் அந்த மெத்தையின் செயற்கைத் தோல்! இரண்டு வருடத்தில் உரிந்து, காதெல்லாம் கருப்புச் செதில். மெத்தையை மட்டும் மாற்ற முடியுமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

மீட்டிங் மாமணி:
என் கதை வேறு. வாஷிங் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டிங். எனக்கு ஊசி விழுந்தால் கேட்கும் நிசப்தம். ரொம்ப நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தேன். மேலாளர் குறுக்கிட்டு, "சார், ரன்வேயில் நிற்கிறீர்களா?" என்றார். எனக்குக் கேட்காத சத்தம் மைக் வழியாக அத்தனை பேருக்கும் போயிருக்கிறது. நம் காதில் சத்தத்தைக் குறைப்பது வேறு, நாம் பேசும் மைக்கில் குறைப்பது வேறு. என்னுடையதில் இரண்டாவது பெயருக்குத்தான்.

போதாததற்குக் கத்திக்கொண்டும் இருந்திருக்கிறேன். காதை மூடினால் நம் குரல் மண்டைக்குள் பானையில் பேசுகிற மாதிரி ஒலிக்கும், எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்பது பிடிபடாது. வெளிச்சத்தத்தை உள்ளே விடுகிற மோட் ஒன்று இருப்பதை அன்று ராத்திரிதான் கண்டுபிடித்தேன். ரோட்டில் நடக்கும்போதும் இப்போது அதில்தான் வைக்கிறேன். ஒருமுறை பின்னால் வந்த கார் முழங்கையை உரசுகிற தூரத்தில் போன பிறகுதான் கார் என்றே தெரிந்தது.

இன்னொன்று, அமைதியான அறையில் போட்டால் விமானம் மேலே ஏறும்போது காது அடைக்குமே, அந்த மாதிரி இருக்கிறது. உண்மையில் அழுத்தம் எதுவும் ஏறுவதில்லையாம், மூளைதான் ஏமாறுகிறதாம். ஆனாலும் அரை மணிக்குமேல் என்னால் முடியவில்லை. வேறு யாருக்காவது?

ராத்திரி ஷிப்ட்:
எனக்கும் அந்தக் காதடைப்பு முதல் வாரம் இருந்தது, நாய்ஸ் கேன்சலிங் அளவைக் குறைத்து வைத்ததும் போய்விட்டது. உங்களுடையதில் அந்த வசதி இருக்கிறதா பாருங்கள்.

அந்த 'டிக்... டிக்' பிடிபட்டுவிட்டது. ஃபேன் கூண்டில் ஒரு திருகு லூஸ். முடுக்கிவிட்டேன். இப்போது ஹெட்போன் இல்லாமலே வேலை ஓடுகிறது. பயணத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.