வால்வை முறுக்கியாச்சு, ஷீட்டில் மட்டும் கசிவு குறையவில்லை

கூடல்வாசி:
அண்ணாநகரில் ஒரு சின்ன கன்சல்டன்சியில் இருக்கிறேன். எரிவாயு சேகரிப்பு நிலையம் ஒன்றுக்குப் பசுங்குடில் வாயுக் கணக்குப் போடும் வேலை. ஊர் பேர் வேண்டாம். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிக் கிழக்கே போக வேண்டும்.

கேஸ் லைனில் 120 வால்வு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 1995 கையேடு, எண்ணெய் எரிவாயு உற்பத்தியில் வால்வு ஒன்றுக்கு மணிக்கு 0.0045 கிலோ கசிவு என்கிறது. பெருக்கினால் 0.54 கிலோ.

போன மாதம் 120-க்கும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். நான்கில் ஸ்பிண்டில் (வால்வைத் திருப்பும் தண்டு) ஓரம் குமிழி. ஒன்றில் எலுமிச்சை அளவுக்கு ஊதி, வெடித்து, மறுபடி ஊதியது. மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்க வழியில்லை. வீட்டு சிலிண்டரில் வாசனைக்கென்று கலக்கும் சரக்கு இதில் கிடையாதே. ஃபிட்டர் தண்டைச் சுற்றிய பேக்கிங்கை இறுக்கும் கிளாண்ட் நட்டை முறுக்கினார், குமிழி நின்றது. கணக்கு ஷீட்டைத் திறந்தால் அதே 0.54! "அப்புறம் எதுக்குப்பா இந்த அலைச்சல்?" என்கிறார் மேனேஜர். என்ன சொல்ல?

பேக்கிங் கயிறு:
தம்பி, அந்த 0.0045 உன் வால்வைப் பார்த்துப் போட்டதில்லை. எங்கெங்கோ அளந்த வால்வுகளின் சராசரி. வால்வைக் கழற்றி எறிந்தால்தான் குறையும், முறுக்கினால் குறையாது.

அதே கையேட்டில் இன்னொரு அட்டவணை இருக்கிறது, பார். கசிவு அளக்கும் கருவி 10,000 பிபிஎம்மோ (பத்து லட்சத்தில் பத்தாயிரம் பங்கு) மேலேயோ காட்டினால் வால்வுக்கு மணிக்கு 0.098 கிலோ. கீழே காட்டினால் 0.000025. கிட்டத்தட்ட நாலாயிரம் மடங்கு வித்தியாசம். உன் 0.54-க்கு, 120-ல் ஐந்தாறு வால்வு ஒழுகுகிறது என்று அர்த்தம். நான்கு ஒழுகினால் 0.395. ஒன்றும் ஒழுகாவிட்டால் எல்லாம் சேர்த்து மணிக்கு வெறும் 3 கிராம்.

ஆனால் முறுக்குவதற்கு முன்னால் அளந்திருக்க வேண்டும். குமிழி வராவிட்டால் கசிவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வந்தால் கருவி வைத்தே ஆக வேண்டும், அந்த முகமையின் கசிவுச் சோதனை முறை 21 அப்படித்தான் சொல்கிறது. ஸ்பேனரை முதலில் எடுக்கிற புத்தி எனக்கும் முப்பது வருஷம் இருந்தது.

கணக்குப்பிள்ளை:
அண்ணன் சொன்னது சரி. கூடல்வாசி, கசிவில் மீத்தேன் பங்கு எவ்வளவு என்று எதால் பெருக்கினீர்கள்?

கூடல்வாசி:
லேப் ரிப்போர்ட்டில் மீத்தேன் 88, ஈத்தேன் 6, புரொப்பேன் 3, கரியமில வாயு 3. அதனால் 0.88.

கணக்குப்பிள்ளை:
நினைத்தேன். அது மோல் சதவீதம், அதாவது மூலக்கூறு எண்ணிக்கைப்படி; உங்களுக்கு வேண்டியது எடை. அதோடு அந்த 0.0045 மொத்தக் கரிமச் சேர்மங்களுக்கு. கரியமில வாயு அதில் சேராது. அதைக் கழித்து எடைக்கு மாற்றினால் மீத்தேன் 0.82. மீத்தேன் கரியமில வாயுவைப் போல் 28 மடங்கு சூடேற்றும் என்ற கணக்கில் 28-ஆல் பெருக்கி வருஷத்துக்குப் பார்த்தால், கரியமில வாயுவுக்குச் சமமாக 117 டன் இல்லை, 109 டன். ஃபிளான்ஜ், கனெக்டர் எல்லாவற்றிலும் இதே பிழை இருக்கும், திருத்திவிடுங்கள்.

கூடல்வாசி:
இருந்தது. திருத்திவிட்டேன் அண்ணே. கருவி வாடகைக்குச் சொல்லியாச்சு, சனிக்கிழமை காலை முதல் பஸ். இந்த முறை அளக்கிற வரைக்கும் ஸ்பேனர் என் பையில்தான் இருக்கும் என்று ஃபிட்டரிடம் சொன்னேன். சிரிக்கிறார்.